அக்கரையில் மாப்பிள்ளை

அந்த நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது படகுக்காரரின் மனைவி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் அது தானாக வந்தது. வாசலில் காலை நீட்டிப் படுத்தது. சாப்பாடு வந்ததும் எழுந்து தின்றுவிட்டு மறுபடியும் படுத்தது. "கூப்பிடாம வருது, கேக்காம சாப்பிடுது, ஒரு வார்த்தை பேசாம படுக்குது. இது நாய் இல்ல, மாப்பிள்ளை" என்றாள் அவள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களுக்குப் பெண் கிடையாது, பிள்ளையே கிடையாது. ஆகவே அந்தக் கேலிக்குக் கோபித்துக்கொள்ளச் சம்பந்தி வீடும் இல்லை.

ஆனால் மாப்பிள்ளை தண்டச்சோறு தின்னவில்லை. படகுத்துறையில் பாதி வேலை அதனுடையது. அது எப்படி என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் படகு எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிட வேண்டும்.

படகுக்குத் துடுப்பு கிடையாது, எஞ்சின் கிடையாது, பாயும் கிடையாது. ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரு இரும்பு வடம், கட்டைவிரல் தடிமன். வடத்தின் மேல் உருளுகிற இரண்டு கப்பிகள். படகின் முன்பக்கத்திலிருந்து ஒரு கயிறு ஒரு கப்பிக்கு, பின்பக்கத்திலிருந்து இன்னொரு கயிறு மற்றதற்கு. முன்கயிற்றை இழுத்துக் குட்டையாக்கிப் பின்கயிற்றைத் தளர்த்தினால் படகு நீரோட்டத்துக்குச் சாய்வாக நிற்கும். ஓடிவருகிற தண்ணீர் அதன் விலாவில் மோதித் தள்ளும். தண்ணீரோடு கீழே போகலாமென்றால் வடம் விடாது. ஈரமான பழக்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கி ஓடுகிறதல்லவா, அதே கதைதான். படகுக்குப் போக்கிடம் அக்கரை மட்டும்தான். அங்கே நழுவிப் போகும். திரும்பி வரச் சாய்வை மாற்றினால் போதும். ஆற்றைக் கடக்க ஆறே கூலியில்லாமல் வேலை செய்யும்.

ஆறு அகலமானது. எந்நேரமும் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருக்கும். அக்கரையில் நின்று ஒருவர் தொண்டை கிழியக் கத்தினாலும் குரல் அந்த உறுமலில் கரைந்துபோகும். நாயின் குரைப்பு வேறு ஜாதி. குட்டையாக, கூராக, துணியில் ஊசி இறங்குவதுபோல் உறுமலைத் துளைத்துக்கொண்டு வரும். அதனால் காலை முதல் படகில் மாப்பிள்ளை அக்கரைக்குப் போய்விடும். துறைக்கல்லின் மேல் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கும். ஆள் வந்தால் குரைக்கும். படகுக்காரர் இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து நீளமாக ஒரு விசில் அடிப்பார். அதுவும் ஊசிதான், அதுவும் போய்ச் சேரும். கடைசிப் படகில் மாப்பிள்ளை வீடு திரும்பும். "மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம், பென்ஷன் உண்டா?" என்று கேட்காத பயணி இல்லை.

அந்த விசிலுக்கு ஒரே அர்த்தம்தான்: கேட்டுவிட்டது, அப்படியே இரு, வந்துகொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் நாய் படகைக் கண்டதும் தண்ணீரில் குதித்து எதிர்கொண்டு வரும். ஒருநாள் படகுக்கும் துறைக்கல்லுக்கும் நடுவே சிக்கி இரண்டு விலா எலும்பு முறிந்தது. அது தேறிய பிறகு ஒரு மாதம் முழுக்க ரொட்டித் துண்டும் கையுமாகப் படகுக்காரர் பழக்கினார். விசில் கேட்டால் உட்கார வேண்டும். படகு கல்லைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளை கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இடி விழுந்தாலும் சரி, விசில் கேட்டால் உட்கார்ந்துவிடும்.

அரசர் முடிசூடி இருபத்தைந்து வருஷம் ஆவதைக் கொண்டாட, இது நடந்ததற்கு மறுநாள் காலை அலங்காரப் படகில் ஆற்று வழியே வருவதாக ஏற்பாடு. ஒரு மாதமாக உத்தரவு மேல் உத்தரவு. வடத்தை முதல்நாள் மாலை ஐந்து மணிக்குள் தளர்த்தி ஆற்றின் அடியில் கிடத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அரச படகின் கொடிமரம் மாட்டிக்கொள்ளும். சின்னப் படகுகளையெல்லாம் பாதுகாப்புக்காக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கரையோரம் அவிழ்த்துவிட்ட நாய் எதுவும் அன்று மாலைக்குமேல் இருக்கக் கூடாது என்பது கடைசி உத்தரவு. எந்த ஊரிலோ அரசியின் தொப்பியைப் பார்த்து ஒரு நாய் விடாமல் குரைத்ததாம். வீட்டுக்குள் கட்டிவைத்த நாய்க்கு ஆபத்தில்லை, வெளியே நிற்கிறதைச் சுடுவார்கள் என்று தண்டோரா போடாத குறையாகச் சொல்லியிருந்தார்கள்.

படகுக்காரர் கவலைப்படவில்லை. நாலரைக்குக் கடைசிப் படகு, அதில் மாப்பிள்ளை வந்துவிடும், உள்ளறையில் கட்டிப்போட்டுவிட்டு ஐந்துக்குள் வடத்தை இறக்கிவிடலாம். இதை மனைவியிடம் இரண்டு தடவை சொல்லியும் இருந்தார்.

வடத்தைப் பார்வையிட வந்த பொறியாளர் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். சின்ன வயசு, முழங்கால்வரை சேறு பட்ட பூட்ஸ். வந்தவள் நாற்காலி கேட்கவில்லை. படகின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து முடிச்சுகளைப் பார்த்தாள். கப்பியை விரலால் சுற்றிப் பார்த்தாள்.

"இது எப்படிங்கய்யா ஓடுது?" என்றாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் படகில் ஏறாத ஜனமில்லை. ஏறுவார்கள், மழை வருமா என்று கேட்பார்கள், இறங்குவார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. படகுக்காரர் முதலில் கயிறுகளைச் சொன்னார். பிறகு சாய்வு. பிறகு பழக்கொட்டை. அவள் உடனே, வெயில் காலத்தில் ஓட்டம் குறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சரியான கேள்வி. பசித்தவன் இலைமுன் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. சாய்வை அதிகமாக்குவதைச் சொன்னார், அதிகமாக்கினால் வருகிற வம்பையும் சொன்னார். பேச்சு, வடத்தைச் சுற்றி ஏற்றி இறக்குகிற வின்ச்சுக்கு வந்தது.

"வடத்த எறக்குறப்ப கை நழுவினா என்ன ஆகும்?"

"கையே போயிரும்மா. காட்டட்டுமா?" என்றார். அவள் காட்டச் சொல்லவில்லை, அவர்தான் கேட்டார்.

வின்ச்சின் உருளையோடு ஒரு பல்சக்கரம் உண்டு. ஒவ்வொரு பல்லிலும் ஒரு இரும்பு நாக்கு விழுந்து, உருளை பின்னால் ஓடாமல் பிடித்துக்கொள்ளும். வடத்தின் கனம் முழுவதும் அந்த நாக்கின் மேல்தான். அதைத் தூக்கி, ஒரு பல் மட்டும் விட்டு, உடனே போட வேண்டும். இரண்டு பல் விட்டால் கைப்பிடி சுழன்று முழங்கையை முறித்துவிடும். அவர் தூக்கினார், விட்டார், போட்டார். அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். நூறு, நூற்றைம்பது. காற்றில் தொங்கிய வடம் நடு ஆற்றில் தண்ணீரைத் தொட்டது, ஒரு வெள்ளைக் கோடு போட்டது, முழுகியது. அவள் அளவுக்கயிற்றைப் போட்டுப் பார்த்து, ரெண்டரை மீட்டர் ஆழம், சுத்தமான வேலை என்று பாராட்டினாள். வடம் இறங்கக் கால் மணிதான் ஆகும். ஏற்றுவதென்றால் சேறு கவ்விக்கொள்ளும். எட்டுப் பேருக்கு அரைநாள் வேலை. அதையும் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்கரையிலிருந்து குரைப்பு வந்தது.

துணி துவைத்த ஈரக்கையோடு மனைவி வெளியே வந்தாள். வடம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, மாப்பிள்ளை எங்க?"

பொறியாளருக்குத்தான் முதலில் முகம் வெளுத்தது. போனை எடுத்தாள். அக்கரை வேறு அலுவலகத்தின் கீழ் வருகிறது. அந்த எண், ஊரெல்லாம் விழா ஏற்பாடாக இருந்ததால், பிசியாகவே இருந்தது. பாலம் வழியாகச் சுற்றிப் போகலாமென்றால் விழாவுக்காகப் பாலம் மூடியாகிவிட்டது. அவள் விடாமல் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். படகுக்காரர் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தார். ஒரு பல் ஏறியது. அதற்குமேல் அசையவில்லை.

நாலு மணிக்கே அக்கரையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவன் தோளில் துப்பாக்கி. துறையோரம் திரிந்த தெருநாய்கள் இரண்டு அவர்களைக் கண்டதும் நாணலுக்குள் பாய்ந்து மறைந்தன. மாப்பிள்ளையும் எழுந்தது. காதை மடக்கிக்கொண்டு, நாணலைப் பார்த்து நாலடி நடந்தது.

"போ, போயிரு" என்று மனைவி வாய்க்குள் சொன்னாள்.

படகுக்காரர் கத்தினார். அது என் நாய், சுடாதீர்கள் என்று கத்தினார். ஆற்றின் உறுமல் அதைத் தின்றுவிட்டது. அந்த இரண்டு பேரும் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினால் போதும், கையைக் காட்டித் தடுத்துவிடலாம் என்று தோன்றியது அவருக்கு. குரல் போகாத இடத்துக்குப் போகக்கூடியது ஒன்றுதான் அவரிடம் இருந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக அடித்தார்.

அவர்கள் திரும்பவில்லை. மாப்பிள்ளை திரும்பியது. நடந்த நாலடியும் திரும்பி வந்தது. துறைக்கல்லின் மேல் ஏறி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தது. வால் கல்லைப் பெருக்குவது இங்கிருந்தே தெரிந்தது.

அவர் மறுபடியும் விரலை வாய்க்குக் கொண்டுபோனார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "அடிக்காதீங்க. நீங்க அடிக்கிறதாலதான் அது உக்காந்திருக்கு."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போ என்று கையை வீசினார். கரையோரம் எதிர்ப்பக்கமாக ஓடிக் காட்டினார். மாப்பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பி அவரைப் பார்த்தது. ஒரு தடவை குரைத்தது. இடத்தை விட்டு நகரவில்லை.

தூரத்தில் நடப்பதைக் கண் உடனே பார்த்துவிடும், சத்தம்தான் ஆற்றைக் கடந்து வர நேரம் எடுக்கும். அதனால் முதலில் மாப்பிள்ளை சாய்ந்தது, பிறகுதான் வெடிச்சத்தம் வந்தது. நடுவில் இருந்த அந்த அரை நொடியில், அது சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது என்றுதான் படகுக்காரர் நினைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பொறியாளரின் போன் அடித்தது, அக்கரையிலிருந்து. அவசரத்தில் அவள் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"மேடம், நீங்க ரொம்ப நேரமா கூப்பிட்டிருக்கீங்க, லைன் பிசி. இங்க எல்லாம் முடிஞ்சுது. ரெண்டு நாய் தப்பிருச்சு, ஒண்ணு கெடச்சுது. அந்தப் பக்கம் யாரோ விசிலடிச்சு நிறுத்திக் குடுத்தாங்க, இல்லன்னா அதுவும் நாணலுக்குள்ள போயிருக்கும். அவருக்கு என் நன்றியச் சொல்லிருங்க. விசில் இங்க வரைக்கும் கேக்குது மேடம். நாளைக்கு ராஜா போறப்ப அவர முன்னால நிக்க வச்சு அடிக்கச் சொல்லுங்க."

அவள் போனை அணைத்தாள். அக்கரையில் வேனின் பின்கதவைத் திறப்பது தெரிந்தது.

"அந்த விசில்..." என்று ஆரம்பித்து அவள் நிறுத்திக்கொண்டாள்.

படகுக்காரர் சொன்னார். விலா எலும்பு முறிந்ததிலிருந்து ஆரம்பித்து, ரொட்டித் துண்டு, ஒரு மாதப் பழக்கம், விசிலின் நீளம், அதன் அர்த்தம் என்று ஒன்றையும் விடாமல், வரிசை மாறாமல் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கையில் கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஓடிப் போன்னு ஒரு விசில் சொல்லித் தரலையே நீங்க" என்றாள் மனைவி.

அவர் அதையும் யோசித்துப் பார்த்தார். "அதுக்குத் தேவை வரலையே" என்றார்.

பொறியாளர் கையில் ஒரு படிவம் இருந்தது. வடம் இறங்கிய நேரம், ஆழம், கீழே படகுக்காரர் கையெழுத்து. அதை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றாள். மனைவி அதை வாங்கி, வின்ச்சின் மேல் வைத்து, அவர் விரல்களைப் பேனாவில் மடக்கிக் கொடுத்தாள். அவர் போட்டார்.

"நீங்க போங்கம்மா" என்றாள் மனைவி. "உங்க மேல தப்பில்ல. நீங்க நல்லாத்தான் கேட்டீங்க. இவரு நல்லா சொல்லிட்டாரு."

பிறகு உள்ளே போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.