ஆறு மணிப் பூட்டு

எங்கள் சங்கத்தின் பிணக்குகளைத் தீர்க்கும் நடுவராகத் தன் மைத்துனரை நியமிக்க, தலைவர் வரதராசா வாக்கெடுப்புக் கேட்டார். பெரும்பான்மை அவர் பக்கம். ஆனால் பேச்சு முடியாமல் வாக்கெடுப்பு இல்லை என்பது யாப்பு, அதாவது சங்கத்தின் சட்டவிதி. சுவிசின் லாங்கன்தாலில் நாங்கள் வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தை அப்வார்ட், அதாவது கட்டடப் பராமரிப்பாளர், சரியாக ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார். மூன்று மணிக்கு எழுந்து, யாப்பையே முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

ஆறாகப் போகும்போது வரதராசா பொறுமை இழந்தார்.

“காணும் சிவகலா. இனி ஆளுக்கு மூண்டு நிமிசம் எண்டு விதியை மாத்துவம்.”

“மாத்துவம் அண்ணை. அதுக்கும் விவாதம் வேணும். அதிலயும் நான் கதைப்பன்.”

“இது அநியாயம்.”

வாசலில் அப்வார்ட் பூட்டுவதற்குத் திறப்புகளோடு வந்து நின்றார். நான் வரதராசாவைப் பார்த்துச் சொன்னேன்:

“போன வருசம் என்ர மனுசனை நடுவராக்க விடாமல் ஆறு மணி மட்டும் கதைச்சது நீங்கள். அண்டைக்கு மூண்டு நிமிசம் கேட்டது நான்.”