தச்சுப் போட்டா தெரியாது

அக்குறணையில் சேலைக்கு ஏற்ற பிளவுஸ் துணி எடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை. "மக்கீன் நானாட கண்ணு போதும்" என்பார்கள் பெண்கள். நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், "தச்சுப் போட்டா தெரியாது, மெட்ச் தான்" என்று சுற்றிக் கொடுத்துவிடுவேன். முப்பது வருஷம் கடை ஓடியது அந்த ஒரு வசனத்தில்தான்.

இப்போது தொண்டையில் ஒப்பரேஷன். பேச முடியாது, ஒரு கொப்பியில் எழுதுகிறேன். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் சாப்பாடு. பால் ஊற்றுமுன் ஒவ்வொரு தடவையும் குழாயிலிருந்து கொஞ்சம் நீரை இழுத்து, ஒரு கடதாசியில் தொட்டு, பெட்டியில் அச்சடித்த நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக்கு வரும் நர்ஸ் துஷ்யந்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"மஞ்சளா இருந்தா குழாய் வயித்துல இருக்கு. பச்சைப் பக்கம் போனா ஒரு சொட்டுக்கூட ஊத்தாதீங்க. எனக்கு போன்ல கோல் எடுங்க."

துணிக்கடைக் குடும்பத்திடம் சொல்கிற பேச்சா இது? அன்று காலை என் மனைவி ஜஹானா கடதாசியைத் தொட்டதுதான் தாமதம், என் கடையில் வேலை பழகிய அவளுடைய தம்பி ரஸீன் அதைப் பறித்தான். "லைட்டுல பாத்தா நிறம் பொய் செல்லும், ராத்தா!" என்று முற்றத்து வெயிலுக்கு ஓடினான். கடையிலும் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்த்தான் காட்டுவோம். அவன் திரும்பி வருவதற்குள் கடதாசி காய்ந்து நிறமே மாறிவிட்டது.

இரண்டாவது கடதாசியை ஜஹானா கையிலேயே வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது பிஸ்தாப் பச்சை, அவனுக்கு எலுமிச்சை மஞ்சள். சண்டை முடிவதற்குள் அதுவும் காய்ந்தது. எனக்கோ பசியில் கண் இருட்டியது.

மூன்றாவதை என் முன்னால் நீட்டினார்கள்.

"கொஞ்சந்தானே வித்தியாசம் மச்சான்," என்றான் ரஸீன். "உள்ளுக்குப் போனா தெரியாது."

நான் பழக்கிய வாய்! அவனை அடிக்கத் தோன்றியது. பயமாகவும் இருந்தது. நன்றாகப் பார்த்தேன். மஞ்சள்தான், ஆனால் பச்சை ஏறிய மஞ்சள். கொப்பியை இழுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக எழுதினேன்: "மெட்ச் இல்ல."

ஜஹானா கோல் எடுத்து அரை மணித்தியாலத்தில் துஷ்யந்தி வந்தாள். குழாயில் அவள் பேனையால் போட்டிருந்த, மூக்கருகே இருக்க வேண்டிய அடையாளம் நாலு விரல் வெளியே வந்திருந்தது.

"இருமினீங்களா முதலாளி? இதுல ஊத்தியிருந்தா பால் நுரையீரலுக்குப் போயிருக்கும்."

ரஸீன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் புதுக் குழாய் போட்டாள். கடதாசி நல்ல மஞ்சள். இந்தத் தடவை யாரும் வெயிலுக்கு ஓடவில்லை.

ஜஹானா பால் நிறைந்த சிரிஞ்சை உயர்த்தினாள். அப்படியே நிறுத்தினாள்.

"மகள்ட கலியாணத்துக்கு எனக்கு மெட்ச் எண்டு செல்லித் தந்தீங்களே, அந்த நாவல் நிற பிளவுஸ். போட்டோவுல பாத்த நாள்லயிருந்து கேக்கோணும் எண்டு இருந்தன். உண்மையச் செல்லுங்க."

பால் அவள் கையில். பசி என் வயிற்றில்.

புதிதாக ஒன்றும் எழுதவில்லை. கொப்பியில் ஏற்கனவே எழுதியிருந்த வரியின் மேல் விரலை வைத்தேன்.