காளியின் கைப்பிள்ளை

பாலராமபுரத்தில் கல்லறைக் கல் வேண்டுமென்றால் வேதமாணிக்கத்தின் கடைக்குத்தான் வருவார்கள். அவர் மனைவி ராஜபாய் கம்ப்யூட்டரில் எழுத்தடித்து, ஸ்டிக்கர் வெட்டி, கல்லில் ஒட்டுவாள். அவர் மெஷினால் மணலைப் பீய்ச்சி எழுத்தைக் குழிப்பார். ஒட்டியிருப்பதை அவர் வாசிப்பதே இல்லை. இருபது வருஷமாக இப்படித்தான்.

இந்தத் தடவை கல் கேட்டது மாநகராட்சி. முன்காலத்தில் இந்த நகரத்தில் ஆட்களை விற்றார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் வீட்டுக்கு மூணு சென்ட் அளந்து கொடுத்த காலனியில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று கவுன்சில் தீர்மானம் போட்டிருந்தது. வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்களின் பெயர்களை ஒரு பழைய விற்பனை ஓலையிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள். மேலே 'பத்தொன்பது பேர்' என்று தலைப்பு.

"நம்ம ஆளு யாராவது உண்டா பிள்ளே?" என்றார் வேதமாணிக்கம்.

"எப்பிடித் தெரியும்? வீட்டுப்பேரா, குடும்பப்பேரா போட்டிருக்கு? மகளைப் பொண்ணு கேட்டு வந்தவிய வீட்டுப்பேரு கேட்டப்ப, நீங்க கடை போர்டைக் காட்டினவருல்லா!"

"அதுக்கென்ன? கல்யாணம் நடந்துதுல்லா."

சிரித்தார். அவருக்குத் தாத்தாவின் அப்பா வரைக்கும்தான் தெரியும். குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்து, சர்ச் பதிவேட்டில் ஏறியவர் அவர்தான். அதற்கு முந்தியவர்களை எழுதி வைத்தது விற்றவன் மட்டும்தான்.

பன்னிரண்டாவது பெயரில் ராஜபாயின் கை நின்றது. 'காளி, கைப்பிள்ளை உட்பட.'

கல்லறைக் கல்லில் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்தில் தாயும் பிள்ளையும் சேர்ந்து போனால், பெயர் வைக்காத பிள்ளையானாலும் அதற்குத் தனி வரி. குழி ஒன்று, வரி இரண்டு. ராஜபாய் அதை யாரிடமும் கேட்பதில்லை. இன்றும் கேட்கவில்லை. 'காளி' என்று ஒரு வரி, 'காளியின் பிள்ளை' என்று அடுத்த வரி. தலைப்பு பொய்யாகிவிடுமே என்று அதையும் 'இருபது பேர்' ஆக்கினாள். கேட்டிருக்க வேண்டும். தப்புத்தான்.

மத்தியானத்துக்குள் வேதமாணிக்கம் குழித்து முடித்துவிட்டார். மூன்று மணிக்கு மாநகராட்சி இன்ஜினீயர் ஷில்பா வந்து, பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"சேச்சி, இதெந்து? இருபதோ?"

"ஆமா. பிள்ளையையும் கூட்டி."

"ஓலையில பத்தொம்பது. கவுன்சில் பாஸாக்கினதும் பத்தொம்பது. வெள்ளிக்கிழமை திறப்பு. இந்தக் கல்லை ஏத்துக்க முடியாது. வேற செய்யணும்."

வேறு கல் என்றால் பிள்ளை மறுபடியும் தாயின் வரிக்குள் போய்விடும். ராஜபாய் ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"வித்தவன் ரெண்டு பேரையும் ஒண்ணாட்டு எண்ணினான். அவனுக்கு அது சௌகரியம். மாப்பு கேக்க வந்த நீங்களும் அவன் எண்ணினதைப் போலயே எண்ணினா, பின்னே எந்துக்கு மாப்பு?"

ஷில்பா வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள். "சேட்டா, நாளைக்குள்ள வேற கல் ஆகுமா?"

அவர் முகமூடியைக் கழற்றி மணலைத் தட்டினார். "ஆகும் மேடம். ஆனா ஸ்டிக்கரு இவதான் வெட்டணும்."

"நீங்களே வெட்டக்கூடாதோ?"

"எனக்குக் கம்ப்யூட்டரு ஆன் ஆக்கவே தெரியாது."

தினமும் சாப்பிட்டதும் அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிற மனுஷன். ராஜபாய் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தாள்.

ஷில்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வெளியே போய்ச் செக்ரட்டரிக்குப் போன் போட்டாள். கால் மணி நேரம் மலையாளத்தில் சண்டை. கடைசியில் அவள் சொன்னது உள்ளேயும் கேட்டது: "சார், கல்லைத் திருத்த முடியாது. பேப்பரைத் திருத்தலாமே."

திரும்பி வந்தவளுடைய முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு அவசரக் கவுன்சில். இருபதுன்னு மாத்துறாங்க. எனக்கு இனி டிரான்ஸ்பர்தான் சேச்சி."

"இங்க வேலைக்கு வாரும் மேடம்," என்றார் வேதமாணிக்கம். "எண்ணத் தெரிஞ்ச ஆளு வேணும்."

அவள் போன பிறகு ராஜபாய் ஈரத்துணியால் கல்லைத் துடைத்தாள். பதின்மூன்றாவது பெயரில், 'காளியின் பிள்ளை' என்ற வரியில், விரல் நின்றது. அந்த ஒரு வரி மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது.

"வாசிச்சியளா?"

"ஆரு, நானா?" என்றார் அவர், வாளியை எடுத்துக்கொண்டு. "மணலு மிச்சம் இருந்துது."