கம்பி அறுந்த கிடார்

நான்காவது கிடாரையும் கடைக்காரர் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"இப்படிக் குடுங்க மேடம், வாசிச்சுக் காட்டுறேன்."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதில் முதல் வரியைத் தாண்டுவதற்குள் கிடார் அவர் மடிக்குப் போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு அவர் வாசித்தால் எல்லாக் கிடாரும் தேனாக இனித்தது. எனக்கு எது சரிப்படும் என்றுதான் தெரிந்தபாடில்லை.

"எவ்ளோ நல்லா இருக்குக்கா, இதையே எடுத்துக்கோ," என்றாள் கூட வந்த தங்கை.

"அப்போ இவரையும் சேர்த்து பேக் பண்ணச் சொல்லு."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. விருட்டென்று எழுந்து மூலைக்குப் போனேன். அங்கே ஒரு கம்பி அறுந்த கிடார் சாய்ந்து கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அறுந்த கம்பியைக் கண்டதும் கிட்டேயே வரவில்லை. அங்கங்கே பல் விழுந்த மாதிரி கேட்டாலும், பாட்டைக் கடைசிவரை வாசித்துவிட்டேன். கைக்கும் வாகாக இருந்தது.

"இதையே எடுத்துக்கறேன்."

"குடுங்க, புதுக் கம்பி மாட்டித் தரேன்," என்று கையை நீட்டினார்.

கிடாரை மார்போடு இறுக்கிக்கொண்டேன். "கம்பியைத் தனியாக் குடுங்க. வீட்ல மாட்டிக்கறேன்."

"மாட்டத் தெரியுமா மேடம்?"

"தெரியாது."