ஐநூற்று எழுபத்தொன்று

மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் குட்டி டயோடின் உடம்பைத் தொடாமல் இரண்டு பக்கக் கம்பியை மட்டும் பிடித்து மீட்டர் முனைகளில் வைப்பாள் ராதாமணி. எண் அறுநூறை ஒட்டி நின்றால் நல்ல டயோடு. சைபர் காட்டினால் உள்ளே எரிந்து ஒட்டிப்போனது. எப்படித் திருப்பி வைத்தாலும் எண்ணே வராவிட்டால் உள்ளே அறுந்தது. செல்லூரில் ரேடியோவை பேட்டரி இல்லாமல் கரண்டில் ஓடவைக்கும் எலிமினேட்டர் செய்யும் அந்தப் பட்டறையில், மூன்று வருஷமாக அவள் பார்த்து அனுப்பிய டயோடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சித்திரை வெயில். காலையில் அவள் பார்த்து முடித்த டயோடுகள் இருந்த தகரத் தட்டின்மேல், ஜன்னல் வழியாக வந்த வெயில் மதியம் முழுக்கக் கிடந்தது. மூன்று மணிக்குப் புது இன்ஜினியர் கல்யாணராமன் அதிலிருந்து பத்து டயோடுகளை எடுத்துத் தானே மீட்டரில் வைத்துப் பார்த்தார். 571. 568. 574. சுவரில் அவர் ஒட்டியிருந்த தாளின்படி 590க்குக் கீழே எல்லாம் கழிவு.

"முதலாளி, இங்க வாங்க. ஐநூறு டயோடும் வேஸ்ட். இந்தம்மா பாக்காமலே தள்ளிவிட்டிருக்கு."

முதலாளி சௌரிராஜன் தாளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். "இப்படிப் பண்ணுனா எப்படிம்மா? நாளையிலருந்து நீ வர வேணாம்."

வேலை போவதைவிட, 'பாக்காமலே' என்ற சொல்தான் ராதாமணியைச் சுட்டது.

"காலையில அம்புட்டும் அறுநூறுக்கு மேலதான் சார். வெயிலு ஏற ஏற எண்ணு இறங்கும். வெரலால அமுக்கிப் பிடிச்சாலே இறங்குது. அதான் நான் கம்பிய மட்டும் பிடிக்கிறேன்."

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றார் கல்யாணராமன்.

"யாரு சொல்லணும்? தெனமும் நாந்தானே பாக்குறேன்."

பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு அந்தப் பத்தையும் அதில் போட்டாள். சற்றுப் பொறுத்து, முந்தானையில் துடைத்து ஒவ்வொன்றாக வைத்தாள். 615. 612. 617. கடைசி ஒன்றை வைத்து, அதன் உடம்பை இரு விரலால் பிடித்தாள். எல்லோரும் பார்க்க எண் மெல்ல மெல்ல இறங்கியது.

கல்யாணராமன் குனிந்தபடியே, "சரிதான்" என்றார்.

பக்கத்து மேசையில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த விஜயம் சிரித்தாள். "அக்கா, இன்ஜினியருக்கே பரீட்சை வச்சுட்டியே!" ராதாமணி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

முதலாளிக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப டயோடுக்குச் சூடு ஆகாது. நாளைக்கே ஏற்பாடு பண்ணிருவோம். நீ வந்துரும்மா."

மறுநாள் தட்டை நிழலுக்கு நகர்த்தி, எதிரே ஒரு புது மேசை ஃபேனை வைத்தார்கள். தலை திரும்பாதபடி அதை முடுக்கிவிட்டார் கல்யாணராமன். "காத்து தட்டுல மட்டும் படட்டும். யாரும் திருப்பக் கூடாது."

மூன்று மணிக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடக்க, ராதாமணி தட்டுக்குக் கையை நீட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் ஜில்லென்று இருந்தது. டயோடை மீட்டரில் வைத்து, "அறுநூறு" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். முழங்கையிலிருந்து வியர்வை மேசையில் சொட்டியது.