மூன்றாவது சைக்கிள்காரர்

பேகம்பேட் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில், கூட்ட அறைத் திரையில் மூன்றாவது படம் விழுந்தபோது எமி டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோயிருந்தாள். கோப்பை அங்கேயே நின்றுவிட்டது. படத்தில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடி மண் போட்டு மூடிவிட்டு வந்த அவளுடைய அப்பா.

2012ஆம் வருஷம் அது. நகரத்தில் ஆறு இடங்களில் சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டு வைத்துத் தருவதாக எமி வேலைபார்த்த மென்பொருள் கம்பெனி மாநகராட்சியிடம் ஒப்புக்கொண்டிருந்தது. வெறும் இரும்புக் குழாயை வளைத்து நட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஸ்டாண்டே ஒரு சிற்பமாக இருக்கட்டும், சிற்பிகளைக் கொண்டு செய்வோம் என்று யோசனை சொன்னவர் எமியின் மேலதிகாரி வெங்கட். சிற்பிகளைத் தேடுவது, அனுமதி வாங்குவது, இடம் பார்ப்பது எல்லாம் எமியின் தலையில் விழுந்தது. அவளும் ஆசையோடுதான் செய்தாள்.

அன்று தன் மாதிரியைக் காட்ட வந்திருந்தவள் ஃபாத்திமா. கடையநல்லூர்க்காரி, சிற்பம் படிக்க ஹைதராபாத் வந்து இங்கேயே தங்கிவிட்டவள். எமியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். அவளுடைய யோசனை எளிமையானது. இந்த ஊரில் நிஜமாகவே தினமும் சைக்கிள் மிதிக்கிற ஆட்களைப் படம் பிடித்து, அந்த உருவத்தை அப்படியே ஆள் உயரத்துக்குக் கனத்த இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்துவது. இரண்டு உருவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் நம் சைக்கிளைச் செருகிப் பூட்டிக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் சேர்ந்து போவதுபோல இருக்கும்.

"இவர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர்" என்றாள் ஃபாத்திமா, திரையைக் காட்டி. "பாருங்க, ஒரு கைதான் ஹாண்டில் பார்ல இருக்கு. இன்னொரு கையைத் தொடையில ஊன்றிக்கிட்டு, ராஜா மாதிரி வர்றார்."

"பிரமாதம்!" என்றார் வெங்கட். "இவரைத்தான் முன்னால நிறுத்தணும். சங்கீத் சந்திப்புல வைக்கிறது இதுவாத்தான் இருக்கணும். என்ன எமி?"

எமி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவைப் போலவே ஒருவர் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. சின்ன வயதில் நாய் கடித்து, இடது காதின் மேல்விளிம்பு கிள்ளியெடுத்தாற்போல இருக்கும் அப்பாவுக்கு. படத்திலும் இருந்தது. முடி நரைத்திருந்தது, வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2000ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஊரையே மூழ்கடித்ததே ஒரு மழை, அந்த மழையில்தான் அப்பா சிலாஸ் காணாமல் போனார். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மெட்டுகுடா வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பும்போது பேகம்பேட் நாலாக் கால்வாயில் வெள்ளம் இழுத்துக்கொண்டது என்றார்கள். சைக்கிள் கிடைத்தது. சில நாள் கழித்து ஒரு உடலும் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. உயரத்தையும் தொழிற்சாலையின் நீலச் சட்டையையும் பார்த்துப் பெரிய மாமா "எங்க மாப்பிள்ளைதான்" என்று அழுதார். அதே சட்டையை அந்த ஊரில் நூற்றுக்கணக்கான பேர் போட்டிருந்தார்கள் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். எமிக்குப் பதினாலு வயது.

கூட்டம் முடிந்ததும் ஃபாத்திமாவைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த மூணாவது படம் எங்க எடுத்தது?"

"ஜீடிமெட்லாவுல. ஒரு மருந்து ஃபேக்டரி வாசல்ல, ஷிப்ட் விடற நேரம். போன மாசம். ஏன்?"

"போன மாசமா? நல்லாத் தெரியுமா?"

"நான்தானே எடுத்தேன். ஏன் எமி, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"அது எங்கப்பா."

"அட, அப்பாவா! சொல்லவே இல்லையே" என்று சிரித்தாள் ஃபாத்திமா.

"அவர் செத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு."

சிரிப்பு ஃபாத்திமாவின் முகத்தில் பாதியில் நின்றது. "யா அல்லா" என்றபடி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் இருவரும் ஆட்டோ பிடித்து ஜீடிமெட்லா போனார்கள். உருவத்தை வைக்கச் சம்மதம் கேட்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மருந்து நெடி மூக்கை அரித்தது. வழியெல்லாம் எமி வேறு யாரோவாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே இருக்க வேண்டும் என்று ஜெபிப்பதை உணர்ந்து திடுக்கிட்டாள்.

சங்கு ஊதியது. கதவு திறந்து ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அவர்களுக்கு நடுவே அவரும் வந்தார், ஒரு கை ஹாண்டிலில், மற்றக் கை தொடையில்.

ஃபாத்திமா கைகாட்டி நிறுத்தித் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"என்னையா? இரும்புலயா? ரோட்டுலயா?" என்று தெலுங்கிலேயே கேட்டுக்கேட்டுச் சந்தோஷப்பட்டார். பின்னால் வந்த தோழரைக் கூப்பிட்டுச் சொன்னார். "எங்க வைப்பீங்க மேடம்?" என்று எமியைப் பார்த்துக் கேட்டார்.

மேடம். நேருக்கு நேர் பார்த்து, மரியாதையாகச் சிரித்து, பெற்ற மகளை மேடம் என்றார். அந்தக் குரல்தான். பாட்டு முணுமுணுத்தபடி அவளுக்குப் பின்னல் போட்டுவிட்ட குரல். அதே குரல், குடித்துவிட்டு வந்த நாட்களில் வாசலில் நின்று கெஞ்சும்.

"உங்க பேரு?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"தாஸ், மேடம்."

"அப்பா" என்றாள் தமிழில். "நான் எமி."

பிடித்திருந்த கை தளர்ந்து சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. அவளுடைய நெற்றியையும் தாடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாக்கு தமிழ் ராது, மேடம்."

எனக்குத் தமிழ் வராது என்கிறார். எமி எதை எதிர்பார்த்து வந்திருந்தாலும் இதை எதிர்பார்க்கவில்லை. அழுவார் என்று நினைத்திருந்தாள். ஓடிவிடுவார் என்றுகூட நினைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஃபாத்திமா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக் கிளம்பத் திரும்பினார். எமி அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

அவர் சட்டென்று திரும்பினார். "யாரை?" என்றார், தமிழில்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சைக்கிளின் மேலேயே சாய்ந்துகொண்டார்.

சுவரோரமாகப் போய் நின்று பேசினார்கள். "கைக்கும்மா, எதுக்கு வந்த இங்க? எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"சைக்கிளைத் தண்ணி இழுத்துக்கிச்சு. நான் ஒரு மதிலைப் பிடிச்சுக்கிட்டேன். யாரோ மேல தூக்கினாங்க. பாலாநகர்ல தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுல காய்ச்சலா விழுந்து கிடந்தேன். எழுந்திருச்சு நடக்க முடிஞ்சதும் வீட்டுக்குத்தான் வந்தேன், எமி. கர்த்தர் மேல ஆணையா வீட்டுக்குத்தான் வந்தேன். தெருமுனையில பந்தல் தெரிஞ்சுது. நம்ம சர்ச் ஐயர் மைக்குல ஜெபம் பண்றார். யாரு செத்தான்னு கேக்கறதுக்குள்ள என் பேரைச் சொல்றார்."

"அப்போ வந்து நின்னிருக்கலாமே!"

"ஹவ், ஆமா, வந்திருக்கலாம்." அவர் சைக்கிள் மணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நல்ல மனுஷன், உழைப்பாளி, பொண்ணு மேல உயிரா இருந்தவன்னு ஐயர் சொல்றார். உங்க அம்மா கதறுறா. உங்க மாமா, என்னைக் குடிகாரன்னு நாலு பேர் முன்னால திட்டின அதே மாமா, தூணைப் பிடிச்சுக்கிட்டு அழுறார். அந்த வீட்டுல என்னைப் பத்தி யாரும் அவ்வளவு நல்லதாப் பேசி நான் கேட்டதே இல்ல. போய் நின்னா அதெல்லாம் பொய்யாயிடும். மறுபடியும் பழைய சிலாஸ்தான். ஒரு எட்டு எடுத்து வெச்சா வீடு. காலு வரலம்மா."

பன்னிரண்டு வருஷமாக எமி, அப்பாவைக் கொன்றது தண்ணீர் என்று நினைத்திருந்தாள். தண்ணீர் அவரைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. வராமல் போனது அவர்.

"இப்போ குடிக்கறதில்ல" என்றார், அதுவே பதில் என்பதைப்போல. "புஷ்பான்னு ஒருத்தி இருக்கா வீட்டுல. அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த இரும்பு பொம்மை நக்கோம்மா. வைக்காதே. உங்க அம்மா பார்த்துடுவா."

எமி தன் விசிட்டிங் கார்டை அவருடைய சட்டைப் பையில் செருகினாள். ஏன் கொடுத்தாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை.

வீட்டில் அம்மா ஜெயசுந்தரி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை ஐந்து வருஷத்துக்கு முன் மணந்துகொண்ட சாலமன் கடைக்குப் போயிருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதர், எமிக்கு அங்கிள். எமி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். உருவத்தை நிறுத்தப்போகும் சங்கீத் சந்திப்பில்தான் அம்மா தினமும் பஸ்ஸுக்கு நிற்பவள். யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜெயசுந்தரி முதலில் கோபப்பட்டாள். "என்னடி உளர்ற?" என்றாள். எமி செல்போனில் படத்தைக் காட்டினாள். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டவள் நெடுநேரம் எடுக்கவில்லை. எமி பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அப்போ நாம புதைச்சது யாரை?"

எமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்றிலிருந்து அவள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"யாரோ ஒரு மனுஷன் எமி. அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா. அவ இன்னும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பாளே! நான் அவ புருஷனை எடுத்துப் புதைச்சுட்டு, வருஷா வருஷம் பூ வெச்சுக்கிட்டு..." அவள் அழுதது அந்த ஆளுக்காகத்தான். சிலாஸுக்காக ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

சாலமன் வந்ததும் அவளே சொன்னாள். அவர் பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டார். "நான் இந்த வீட்டுல இருக்கலாமா ஜெயா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க எங்க போவீங்க? உட்காருங்க."

பிறகு நடந்தவை இழுத்துக்கொண்டே போயின. வக்கீலைப் பார்த்தார்கள், முறைப்படி விவாகரத்து வாங்கி, சாலமனோடு நடந்த கல்யாணத்தை மறுபடியும் பதிவுசெய்ய வேண்டும் என்றார். ஜெயசுந்தரி சாலமனை அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனாள். அந்த மழையில் காணாமல் போன ஆண்கள் யார் யார், நீலச் சட்டை போட்டவர் யாராவது உண்டா என்று கேட்டாள். புருஷன் உயிரோடு கிடைத்ததைச் சொல்லிவிட்டுச் செத்தவனைத் தேடும் அம்மாவை அவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள். அவள் விடவில்லை. சனிக்கிழமைதோறும் போனாள். இன்னும் ஒரு தகவலும் இல்லை. கல்லறையிலிருந்த பெயரைக் கொத்தனாரை விட்டு எடுக்கச் செய்தாள். பூ வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

எமி வெங்கட்டிடம் மூன்றாவது உருவம் வேண்டாம் என்றாள்.

"ஏம்மா? அவுட்லைன்தானே? முகமா தெரியப்போகுது? யாரு கண்டுபிடிப்பா?"

"அவர் சம்மதிக்கலை சார்."

"பேசிப் பார்க்கலாமே. வேற யாரும் அந்த மாதிரி அமைய மாட்டாங்க."

"அமையவே வேண்டாம் சார்" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. மறுபேச்சுப் பேசவில்லை. அந்த இடத்துக்கு ஃபாத்திமா, பின்னால் பெரிய பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகும் ஒருவரின் உருவத்தை வெட்டிக் கொடுத்தாள்.

ஜனவரியில் சங்கீத் சந்திப்பில் ஸ்டாண்டைத் திறந்துவைத்தார்கள். பேச்சு, சால்வை, புகைப்படம் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது எமியின் செல்போன் அடித்தது. தெரியாத எண்.

"எமி, நான்தான்." பின்னால் லாரிச் சத்தம். "இன்னிக்குத் திறக்கறதாப் பேப்பர்ல போட்டிருந்தது. வெச்சாச்சா?"

"வெச்சாச்சு. நீங்க அதுல இல்லை. எடுத்தாச்சு."



"சுத்தமா எடுத்துட்டீங்களா?" என்றார். "சரி, சரி. நல்லதுதான். நான்தானே நக்கோன்னேன்."

அந்தக் குரலில் இருந்தது நிம்மதி இல்லை. விருந்துக்கு யாரும் கூப்பிடாமல் விட்டுவிட்ட மனிதனின் குரல் அது. அம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவளைப் பற்றியும் கேட்கவில்லை. எமி போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றாமல் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே யாரோ ஒருவர் பால்காரருக்குப் பக்கத்தில் தன் சைக்கிளைச் செருகி, நன்றாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.