பத்துக்குள் அடங்காத வலி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கைவேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு தையல்காரியின் கதை சொல்கிறேன். பாதியில் எழுந்து போகமாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

பிரசவ அறையில் அந்தத் தையல்காரி, பிரசவம் எளிதாக நர்ஸ் கொடுத்த பெரிய நீலப் பந்தின் மேல் கால்களை அகட்டி உட்கார்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்தபடி இடுப்பைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. வாயில் ஒரு முனகல்கூட இல்லை. வலி ஏறும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். பத்துக்குள் எதுவும் அடங்கிவிடும் என்பது மூன்று வருடப் பாடம். லாரி ஓட்டும் கணவன் பெல்ட்டைக் கழற்றும்போது அப்படித்தான் எண்ணுவாள். கத்தினால் அடி கூடும். தையல் கடையில் அவளுக்குப் பெயரே பூச்சி. வாயில்லாப்பூச்சியைச் சுருக்கி வைத்தது.

அவள் வாய் திறக்காததைப் பார்த்துத்தான் நர்ஸ் ஏமாந்தாள்.

"அடேயப்பா, ஊஞ்சல் ஆடற மாதிரி ஆடறியே! பக்கத்து ரூம்காரி கூரையையே பிய்க்கிறா. உனக்கு இன்னும் நேரமிருக்கும்மா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் போன சற்று நேரத்தில் கணவன் உள்ளே வந்தான்.

"பிள்ளை பெத்துக்க வந்தியா, பந்து விளையாட வந்தியாடி?"

நாலு, ஐந்து.

"இங்கிருந்து நேரா உங்கக்கா வீட்டுக்குப் போறியாமே? அவளே எனக்குப் போன் போட்டுச் சொல்றா. எம்புள்ளைய எடுத்துட்டுப் போயிடுவியா நீ?"

அறைந்தான். பல்லில் பட்டு உதடு கிழிந்தது. ஆறு. பந்தை எட்டி உதைத்தான். அது எகிறிச் சுவரில் மோத, அவள் முழங்கால் தரையில் இடிபட விழுந்தாள். கூந்தலைக் கொத்தாகப் பற்றி இழுத்தான். அந்த நொடியில் வலி மேலே மேலே ஏறியது. பத்து கடந்தது. பதினொன்று. அதற்கு மேல் எண்ணே வரவில்லை. வாய்க்கு எட்டியது அவன் மணிக்கட்டு. ரத்தம் உப்புக் கரிக்கும் வரை கடித்தாள்.

அந்த அறையில் அன்று முதலில் அலறியது அவன்தான்.

இரண்டாவது அலறல் அவளுடையது. மூன்று வருடமும் சேர்ந்து கிளம்பியதுபோல் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆயா ஓடிவந்து துடைப்பக் கட்டையாலேயே அவனை வெளியே நெட்டித் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கூடவே ஓடிவந்த நர்ஸ் தரையில் மண்டியிட்டாள்.

"தலை வந்திருச்சே! இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி, கழுதை?" என்றவள் அழுதுகொண்டே குழந்தையைக் கையில் ஏந்தினாள்.

வெளியே கதவு இடிபட்டது. "திறங்க! அது எம்புள்ள!"

நர்ஸ் தாயைப் பார்த்தாள். "சொல்லும்மா. அவனை உள்ளே விடவா, சீட்டுல நம்பர் குடுத்திருக்கியே, உங்கக்காவைக் கூப்பிடவா?"

கிழிந்த உதட்டை நாக்கால் துடைத்துக்கொண்டாள் அவள். "அக்காவை."

அடுத்த இடியில் தாழ்ப்பாளின் ஒரு திருகாணி கழன்று தரையில் உருண்டது. ஆயா கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற கை என்றைக்கும் அன்பான கையாகவே இருக்கட்டும், என் செல்லங்களா.